ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த கூரை

விளம்பரத்தை எழுதியது மகள். சொல்லச் சொல்ல எழுத வைத்தது அப்பா. பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாலும் மனிதர் ஒரு வார்த்தையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

'பழைய கார் விற்பனைக்கு. கூரை ஒரு பக்கம் மட்டும் ஒரு ஜாண் உயரம். ஓட்டுகிறவர் சீட்டு இரும்புப் பெட்டி மேல் வைத்து வெல்டிங் செய்தது, முன்னும் பின்னும் நகராது. பெடல்களில் கட்டை வைத்திருக்கிறது. பக்கத்து சீட்டு தரையோடு தரையாக இருக்கும். மழை பெய்தால் கூரை ஒட்டுப் போட்ட இடத்தில் ஒழுகும். அது பின்சீட்டில் நடுவே உட்காருகிறவர் உச்சந்தலையில் சொட்டும். இன்ஜின் நல்லது.'

"அப்பா, இப்படிப் போட்டா எவன் வாங்குவான்?" என்றாள் மகள்.

"குறைய... மொதல்ல சொல்லு. வெலைய... அப்புறம் சொல்லு. நம்ம யார்டுல... எப்பவும் அதான்."

சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. நின்றாள் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்த வாடகை வீட்டின் நிலைப்படிகள் எல்லாம் சாதாரண மனிதர்களுக்காக வைத்தவை. அவள் தலையைச் சாய்த்து, தோளை இறக்கி, கேள்விக்குறி போலத்தான் நிற்க வேண்டும். நின்று நின்று அதுவே பழகிவிட்டது. திறந்த வெளியில் நின்றாலும் அவள் தலைக்கு மேல் யாரோ ஒரு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான் நிற்பாள்.

பதிமூன்று வயதில் வளர ஆரம்பித்தவள், 'போதும், நிறுத்து' என்று வீட்டில் எல்லோரும் சொல்லியும் நிறுத்தவில்லை. பள்ளியில் கடைசி வரிசை, புகைப்படத்தில் எப்போதும் நாற்காலி. 'வீட்டுல ஒட்டடை அடிக்கக் கம்பு வாங்க வேண்டாம்' என்று சித்தப்பா சொல்ல, வீடே சிரிக்கும். அவளும் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு அங்குலம் குனிந்துகொள்வாள். படிப்பு முடிந்ததும் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி அவளைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், மேல் தட்டில் இருப்பதை எடுக்க ஏணி தேட வேண்டாம் என்பதுதான்.

அந்தக் கடைக்குத்தான் இவர் வந்தார். முதலில் வந்தது குரல். கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஆளைக் காணோம். அவள் எட்டிப் பார்த்தபோது, கையெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு, அவள் முழங்கைக்குச் சற்று மேலே எட்டுகிற உயரத்தில் ஒருவர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஒசந்த தட்டுல என்னங்க வச்சிருக்கீங்க?"

"பழைய மாடல் ஹெட்லைட்டு. எடுத்துத் தரட்டுமா?"

"வேண்டாங்க. எடுக்கறதுக்காக நீங்க நிமிருவீங்களே, அதைப் பாக்கலாம்னுதான் கேட்டேன்."

வெட்கங்கெட்ட மனுஷன் என்று நினைத்தாள். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் அவர் வரவில்லை. அன்று முழுக்க இவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் ஆனதும் தெருவுக்கு நல்ல தீனி கிடைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவருக்கு 'முக்கால்' என்று பெயர் வைத்தார்கள், அவளுக்கு 'ஒண்ணேகால்'. அவள் காதில் விழுந்த அன்று அழுதாள். அவரோ நேராகத் தெருமுனை டீக்கடைக்குப் போய், "முக்காலையும் ஒண்ணேகாலையும் கூட்டுங்கடா. சரியா ரெண்டு வருதா? ரெண்டு பேருக்கு ரெண்டு. கணக்குல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு வந்தார். அவருக்குச் சிரிப்பு உறைக்காது, அவ்வளவுதான். சிலருக்குக் காரம் உறைக்காத மாதிரி.

பெரிய சாலையை ஒட்டிய காலி மனையில் அவருக்கு ஒரு யார்டு இருந்தது. யாரும் சீண்டாத பழைய வண்டிகளை வாங்கி வந்து, வெட்டி, ஒட்டி, வேறு ஒன்றாக ஆக்கி விற்பார். அங்கே கண்டது கடியது எல்லாம் நிற்கும். மோதி நொறுங்கிய இரண்டு கார்களின் நல்ல பாதிகளை முதுகோடு முதுகு சேர்த்து ஒட்டிய கார் ஒன்று. அது வருகிறதா போகிறதா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஜன்னலும் கட்டிலும் வைத்த லாரி ஒன்று. பின்பக்கத்தை அறுத்துவிட்டு வைக்கோல் ஏற்றுவதற்குத் தோதாக்கிய ஒரு காலத்து ஆடம்பரக் கார் ஒன்று. பிண வண்டி ஒன்றை ரொட்டி வண்டியாக மாற்றினார். வாங்க வந்த பேக்கரிக்காரரிடம் வழக்கம்போல முதலில் குறையைச் சொன்னார், அதாவது அது என்ன வண்டியாக இருந்தது என்பதை. பிறகு, "ஆனா ஒண்ணு, இதுல போன யாரும் இதுவரைக்கும் குலுங்குதுன்னு சொன்னதில்ல" என்றார். பேக்கரிக்காரர் சிரித்த சிரிப்பில் விலை பேசவே மறந்துபோனார்.

வேடிக்கைக்காக மட்டும் செய்ததில்லை. கால் இல்லாதவருக்குக் கையாலேயே கிளட்சும் பிரேக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு சரக்கு வண்டி செய்து கொடுத்தார். கழுத்து திரும்பாதவருக்கு ஏழு கண்ணாடி வைத்த கார். "ஒடம்புக்குத்தான் வண்டி. வண்டிக்காக ஒடம்பை மாத்த முடியுமா?" என்பார். பெரிய தத்துவமெல்லாம் இல்லை. தன் கால் பெடலுக்கு எட்டாத மனிதன் கண்டுபிடித்த உண்மை, அவ்வளவுதான்.

அவளும் கடை வேலையை விட்டுவிட்டு யார்டுக்கு வந்தாள். நெருக்கியடித்து நிற்கிற வண்டிகளை முன்னும் பின்னும் எடுத்து இடம் பண்ணுவது அவள் வேலை. லாரி கேபின்களில் அவளுக்குத் தலை தட்டாது. அதிலேயே ஓட்டப் பழகி, லைசென்சும் வாங்கினாள். ஒரு ஜாண் இடைவெளியில் லாரியை ரிவர்ஸ் எடுப்பாள். ஆனால் யார்டின் கேட்டைத் தாண்டி ஒரு நாளும் ஓட்டியதில்லை. கேட்டுக்கு வெளியே தெரு. தெருவில் கண்கள்.

கல்யாணமான மறுவருஷம் அவர் தங்களுக்கென்று ஒரு கார் செய்தார். சின்னக் கார். ஓட்டுகிற சீட்டைப் பெட்டி மேல் ஏற்றி, பெடல்களில் கட்டை வைத்துத் தனக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார். பக்கத்து சீட்டைத் தரையோடு இறக்கினார், அவள் காலை நீட்ட. அப்படியும் அவள் தலை கூரையில் இடித்தது. கட்டரை எடுத்து அந்தப் பக்கக் கூரையை மட்டும் அறுத்தார். அவளை உட்கார வைத்து, தலைக்கு மேல் நாலு விரல் விட்டு அளந்து, தகரத்தை வளைத்துப் புடைப்பு ஒன்று வைத்தார். பற்ற வைத்து, பெயின்ட் அடித்து, காய வைத்து, "ஏறு" என்றார்.

ஏறி உட்கார்ந்தாள். சாய்ந்து நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். ணங் என்று இடித்தது.

அவர் திகைத்துப்போனார். அவர் அளவு எடுத்து இதுவரை தப்பியதில்லை. மறுபடி அளந்தார், மறுபடி பார்த்தார், பிறகுதான் புரிந்தது. அளவு எடுக்கும்போது அவள் குனிந்துதான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கே தெரியாது.

"குட்டக் குட்டக் குனியறவளைப் பாத்திருக்கேன். குட்டாமலே குனியறவளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். கோபமில்லை. புத்தம்புதிய பெயின்ட்டோடு அந்தப் புடைப்பை மறுபடி அறுத்தார். இந்த முறை அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகையைக் கொடுத்து, "நிமிந்து உக்காரு. இன்னும். இன்னும்" என்று சொல்லி அளந்தார். காருக்கு ஒரு ஜாண் திமில் முளைத்தது. தெரு அதற்கு 'ஒட்டகம்' என்று பெயர் வைத்தது.

கார் போகிற இடமெல்லாம் சிரிப்பு. அவர் கையாட்டுவார், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இறங்கும்போது சேலையை இழுத்துவிட்டு, கூட்டத்துக்கு முன் குனிந்துகொள்வாள். ஆனால் ஒன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து இந்த உலகத்தில் அவளுக்காகவே செய்த இடம் அது ஒன்றுதான். அதற்குள் மட்டும்தான் அவள் முதுகு நேராக இருந்தது. மகளைப் பெற்று மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதற்குள்தான். தன் அம்மா செத்துப்போனபோது வழி முழுக்க அழுதுகொண்டு போனதும் அதற்குள்தான். நேராக உட்கார்ந்து அழுதாள்.

சென்ற வருஷம் ஒரு காலையில் அவர் பல் விளக்கப் போன இடத்தில் சரிந்தார். உயிர் தப்பியது. ஒரு கையும் ஒரு காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. யார்டின் வண்டிகளை எல்லாம் அவரிடம் முன்பு வேலை செய்த வெல்டர் எடுத்துக்கொண்டார். ஒட்டகம் மட்டும் வீட்டு முற்றத்தில் நின்றது. வாரத்துக்கு இரண்டு முறை நகரத்தின் அந்தக் கோடிக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போக வேண்டும். வாடகைக் கார் வரும். அதில் அவள் முழங்கால் மோவாயில் இடிக்க, கழுத்தை மடக்கிக்கொண்டு, தன்னை நாலாய் மடித்து உட்காருவாள். திரும்பி வந்து கழுத்துக்குத் தைலம் தேய்ப்பாள். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டே, "அதை... வித்துரலாம்" என்றார்.

முற்றத்தில் நிற்கிற காரைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு கிடந்து தவிக்கிறது என்று அவள் நினைத்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான்.

விளம்பரம் வந்ததும் ஆட்கள் வந்தார்கள். ஏறிப் பார்த்தவர்களுக்கு ஸ்டியரிங் தொடையில் அழுந்தியது. பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வானம் மட்டும் தெரிந்தது. படம் எடுத்துக்கொண்டு, சிரித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வந்தவர் நெடுஞ்சாலையில் ஹோட்டல் வைத்திருப்பவர். தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரிக்கிற, கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர்.

"ஓட்டறதுக்கு இல்லீங்க. ஹோட்டல் முன்னாடி பெரிய தூண் போட்டு மேல தூக்கி நிறுத்தப் போறேன். மஞ்சள் பெயின்ட். உள்ள ரெண்டு பொம்மை. ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை. அந்தப் புடைப்புல ஓட்டை போட்டு நெட்டை பொம்மை தலையை நீட்டிக்கிட்டு இருக்கும். ஒரு மைலுக்கு முன்னாடியே பாத்துச் சிரிச்சுட்டு, வண்டியை நிறுத்தி, எறங்கி..."

அப்போதுதான் டீயோடு அவள் வெளியே வந்தாள். ஹோட்டல்காரர் அவளைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த அவரைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

"இதுல தப்பா எடுக்க... என்ன இருக்கு" என்றார் அவர். "கூரை ஒழுகும். சொல்லிட்டேன்."

"தூணு மேல இருக்கறதுக்கு ஒழுகினா என்னங்க. வெள்ளிக்கிழமை கிரேனோட வர்றேன்."

அவள் டீ டம்ளர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். தெரு முப்பது வருஷமாகச் சிரித்தது உண்மைதான். ஆனால் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இனி தூண் மேல் ஏற்றி, வெயிலிலும் மழையிலும், அவள் செத்த பிறகும், முன்பின் தெரியாதவர்கள் வண்டியை நிறுத்திச் சிரிப்பார்கள். நெஞ்சு எரிந்தது அவளுக்கு.

சாயங்காலம் முற்றத்துக்குப் போனாள். தன் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, இறங்கி மறுபக்கம் வந்து, ஓட்டுகிற சீட்டில் ஏறப் பார்த்தாள். தலை உள்ளே போனால் முழங்கால் வெளியே நின்றது. முழங்காலை இழுத்துக்கொண்டால் தலை கூரையில் அழுந்தியது. ஒரு வழியாக உள்ளே போய்விட்டாள். வெளியே வரத்தான் வழியில்லை. ஸ்டியரிங்குக்கும் கூரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, ஹாரனை முழங்காலால் அழுத்திவிட்டாள். அது தெருவுக்கே கேட்டது.

கைத்தடியை ஊன்றி ஊன்றி அவர் வந்தார். பார்த்தார். பாதி வாயால் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க!" என்று வெடித்தாள். "அதான் ஊர் சிரிக்கறதுக்குத் தூண் மேல ஏத்திட்டீங்களே! பொம்மையாம், நெட்டை பொம்மை. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. "நீதான... இந்தக் காரை... வெறுத்த."

"யாரு சொன்னா?"

"எறங்கும்போதெல்லாம்... குனிஞ்சுதான எறங்குவ. மூஞ்சியத் திருப்பிக்குவ. முப்பது வருஷம்... உன்னை வேடிக்கைப் பொருள் ஆக்கிட்டேன். இது போச்சுன்னா... உனக்கு நிம்மதின்னு நெனச்சேன்."

அவளுக்கு அந்த நிலையில் கழுத்தைக்கூடத் திருப்ப முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள். "எறங்கும்போது குனிஞ்சேன். உள்ள இருக்கறப்போ குனிஞ்சேனா? ஓட்டறப்போ ஒரு நாளாவது பக்கத்துல திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்குன்னு இருந்த எடம் இது ஒண்ணுதாங்க."

அவர் கைத்தடியைச் சாய்த்து வைத்தார். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னால ஓட்ட முடியாதே" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியும்."

"கேட்டைத் தாண்டி... நீ ஓட்டினதில்ல. அதோட இந்த சீட்டு..."

"ஒடம்புக்குத்தான் வண்டின்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. உங்க ஒடம்பு மாறிடுச்சு. வண்டியை மாத்துங்க. மொதல்ல என்னை வெளிய எடுங்க, கால் மரத்துப்போச்சு."

வெல்டரைக் கூப்பிட்டுத்தான் அவளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. வெல்டர் கதவைக் கழற்றினார். கழற்றிய கையோடு விஷயத்தையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப எல்லாமே எடம் மாறணும் அண்ணி. பெட்டியும் ஒசந்த சீட்டும் அண்ணன் பக்கம், தாழ்ந்த சீட்டு உங்க பக்கம், பெடல் கட்டையை எடுக்கணும். கூரைக்கு ஒண்ணு சொல்றேன். மொத்தமா தூக்கி ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா வச்சிடலாம். பாக்க லட்சணமா இருக்கும், யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவள் யோசிக்கவில்லை. "வேண்டாம் தம்பி. அவருக்கு எதுக்கு அவ்வளவு ஒசரம்? இருக்கற மாதிரியே இருக்கட்டும், பக்கத்தை மட்டும் மாத்துங்க."

"திரும்பவும் சிரிப்பாங்களே அண்ணி."

"சிரிக்கட்டும். தூணு மேல பொம்மையைப் பாத்து சிரிக்கறதுக்கு, ஓட்டிக்கிட்டுப் போற என்னைப் பாத்து சிரிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை கிரேனோடு வந்த ஹோட்டல்காரர் முற்றத்தில் கூரையே இல்லாத காரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னங்க இது, வேற யாருக்காவது வித்துட்டீங்களா?"

"வித்துட்டேன்" என்றார் அவர்.

"யாருக்கு?"

"ஒண்ணேகாலுக்கு."

ஹோட்டல்காரர் விலை என்று நினைத்து மேலே பேச வாயெடுத்தார். பிறகு, புதுச் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். புரிந்ததோ என்னவோ, கும்பிட்டுவிட்டு, "எப்பவாவது எங்க பக்கம் வந்தா சாப்பிட்டுப் போங்கம்மா, இதுலயே வாங்க" என்று சொல்லிவிட்டு வெறும் கிரேனோடு போனார்.

அன்றுதான் கூரைக்கு அளவெடுத்தார்கள். வெல்டர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரோ எதிரே ஸ்டூலில், கைத்தடி மேல் மோவாயை வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முன்பு நடந்ததை மறக்கவில்லை. முதுகை நேராக்கி, கழுத்தை நிமிர்த்தி, கண்ணை நேரே வைத்து உட்கார்ந்தாள்.

"தலைக்கு மேல நாலு விரல்" என்று சொல்லி வெல்டர் சாக்பீஸால் கோடு போட்டார்.

"இல்ல" என்றார் அவர். "இன்னும் ரெண்டு விரல்... ஏத்து."

"நிமிந்துதாங்க உக்காந்திருக்கேன்" என்றாள் அவள், கொஞ்சம் ரோஷத்தோடு. "வேணும்னா பலகை வச்சுப் பாருங்க."

"தெரியும். கேட்டைத் தாண்டினா... இன்னும் கொஞ்சம் நிமிருவ. அதுக்கு எடம் விடறேன்."

வெல்டர் பழைய கோட்டை அழித்துவிட்டு மேலே ஒன்று போட்டார்.

அடுத்த சிகிச்சை நாளன்று அவரை ஏற்றி உட்கார வைத்து, பெல்ட் மாட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பினாள். முற்றத்தின் கேட்டை வெல்டர் திறந்து பிடித்தார். முதல் கியரிலேயே தெருமுனை வரை போனாள். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் இன்னொருவரை இடித்துக் காட்டினார், திமில் பக்கம் மாறியிருப்பதை. சிரிப்புக் கேட்டது. பக்கத்தில் ஒசந்த சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தவர் நல்ல கையைத் தூக்கி அவர்களுக்கு ஆட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்ப முடியாது, சாலையைப் பார்க்க வேண்டுமே.

பெரிய சாலைக்கு வந்து மூன்றாவது கியர் போட்டபோதுதான் கவனித்தாள். உச்சித் தலைமுடி கூரைத் துணியில் லேசாக உரசிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இடிக்குதுங்க."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். முப்பது வருஷம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது நிதானமாக, பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்தார்.

"ரெண்டு விரல் பத்தலையா? பரவால்ல" என்றார். "மறுபடி அறுத்துடலாம்."